குளிர்க்கடற் பயணம்: மாதமும் வழியும்

பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடந்தோர் நம் முன்னோரிற் பலர். காட்சி காண்பதன் பொருட்டு, மனைவி மக்களோடும் முதியோரோடும், பனி மூடிய மலைகளையும் பனிக்கட்டி மிதக்கும் நீரையும் நாடிக் கப்பலேறும் வழக்கமோ நம்மிடையே மிக அண்மையில் தோன்றியதாகும். திருப்பூரிலும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய ஊர்களிலும் பின்னலாடைத் தொழில் நடத்துவோர், தம் சரக்குப் பெட்டிகள் பல்லாண்டுகளாகச் சென்றுவரும் மேனாடுகளைத் தாமும் குடும்பத்தோடு கண்டுவர விரும்புதல் இயல்பே. நம் கல்லூரியிற் பயின்று அத்தொழிலிற் புகுந்தோர் பலராதலின், இப்பொருள்பற்றிச் சில கூறுதல் பயனுடைத்தெனக் கருதி இதனை எழுதலாயினேன்.

இத்தகைய பயணத்தை எண்ணுவோர் முதற்கண் கேட்கும் வினா, “எந்தக் கப்பல்?” என்பது. அதன்பின், “எந்த வழி?” என்பர். “எந்த மாதம்?” என்னும் வினாவோ, பணம் கட்டும் நாளில்தான் பெரும்பாலும் எழுகின்றது. இவ்வரிசை முற்றிலும் தலைகீழானது. மாதத்தை முதலில் நிறுவுதல் வேண்டும். மாதம் வழியைத் தெரிந்தெடுக்கும். வழி கப்பலைத் தெரிந்தெடுக்கும். பயண முகவர் காட்டும் படங்களில் எல்லா மாதங்களிலும் வானம் நீலமாகவே இருக்கும். கடலில் அவ்வாறு இராது.

திருப்பூர்க் குடும்பம் ஒன்று இவ்வகையிற் பார்க்க வேண்டிய பஞ்சாங்கங்கள் மூன்று. ஒன்று பள்ளிக்கூடப் பஞ்சாங்கம். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை சித்திரை இறுதியிலும் வைகாசியிலும், அஃதாவது மே மாதத்தை ஒட்டியே வருகின்றது; காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் ஒருவாரம் பத்துநாட்களுக்கு மேற்படுவன அல்ல. மற்றொன்று பனியன் கம்பெனியின் பஞ்சாங்கம். தொழிலாளர் தத்தம் ஊருக்குச் செல்லும் தீபாவளி, பொங்கல் நாட்களில்தான் பொறிகள் ஓய்கின்றன. முதலாளிக்கும் கணக்கருக்கும் அப்பொழுதே மூச்சு விட நேரம் கிடைக்கும். ஏனைய நாட்களில் ஏற்றுமதிக்குரிய தேதி தலைமேல் நிற்கும். மூன்றாவது கடலின் பஞ்சாங்கம். முன்னைய இரண்டையும் வேண்டிக்கொண்டும் விடுப்பெடுத்தும் சிறிது நெகிழ்த்தலாம். இது யாருக்காகவும் நெகிழாது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நம் ஊரில் கதிரவன் உச்சியில் நிற்பது நண்பகலிலாயினும், வெப்பம் மிகுவது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கன்றோ? நிலம் காய்வதற்குச் சிறிது நேரம் வேண்டியிருத்தலே அதற்குக் காரணம். ஆண்டிற்கும் இஃது ஒக்கும். வடபாதிக் கோளத்தில் மிக நீண்ட பகல் ஜூன் 21-ஐ ஒட்டி வருகின்றது. ஆயினும் கடல்நீர் மிகுதியும் வெதும்புவது ஆகஸ்டு, செப்டம்பரில்தான். கடல் நிலத்தினும் மிக மெல்லச் சூடேறி மிக மெல்லக் குளிர்வதாகலின், அதன் பருவம் கதிரவனுக்கு இரண்டு மாதம் பின்தங்கியே நடக்கின்றது. தென்துருவத்திலும் அவ்வாறே. அண்டார்டிக்காவைச் சூழ்ந்த கடற்பனி, செப்டம்பரில் ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும். அதுவே பிப்ரவரியில் முப்பது லட்சத்தளவிற்குச் சுருங்கிவிடும். மிக நீண்ட பகல் டிசம்பரில் வந்தாலும், பனி மிகக் குறைவது பிப்ரவரியில் என்பதை நோக்குக.

நம் நாட்டார் அவ்விடம் முதன்முதற் சென்ற வரலாறும் இதனை விளக்கும். டாக்டர் எஸ். இசட். காசிம் அவர்களின் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு, ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலிற் கோவாவினின்று புறப்பட்டது 1981 டிசம்பர் 6-இல். அப்பனி நிலத்தில் அடிவைத்தது 1982 ஜனவரி 9-இல். நமக்கு மார்கழி, தை என்னும் குளிர்மாதங்களை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம், தென்துருவத்திற்கு அவையே வேனில் என்பதும், பனி விலகிக் கப்பலுக்கு வழிவிடும் காலம் அதுவே என்பதும் ஆகும். அறிஞர் குழுவிற்கு உரிய விதியே சுற்றுலாக் குடும்பத்திற்கும் உரியது.

பருவத்தோடு சேர்த்து அறிய வேண்டிய மற்றொன்று, வடக்கே செல்லச் செல்லக் குளிர் ஒரே சீராக மிகும் என்னும் எண்ணம் பிழையானது என்பது. நார்வே நாட்டுப் பெர்கன் நகரமும், அலாஸ்காவின் சீவார்டு துறையும், கிரீன்லாந்தின் தென்முனையும் ஏறக்குறைய 60 டிகிரி வட அட்சரேகையில் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஆயினும் கிரீன்லாந்தின் கரையை வடதுருவத்திலிருந்து வரும் குளிர்நீரோட்டம் தழுவிச் செல்கின்றது. பெர்கன் கரையையோ, அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து வரும் வெந்நீரோட்டம் தழுவுகின்றது. அதனாலேயே, 70 டிகிரிக்கும் வடக்கே உள்ள ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகம் மாரியிலும் உறைவதில்லை. ஆகவே உலகப்படத்தில் அட்சரேகையை மட்டும் பார்த்து வழியைத் தேர்தல் தகாது; நீரோட்டத்தையும் பார்த்தல் வேண்டும்.

இனி வழிகளுள் நம்மவர் பெரிதும் விரும்பும் அலாஸ்காவை எடுத்துக்கொள்வோம். இதன் பருவம் மே முதல் செப்டம்பர் முடியவாகும். இங்கே வழிகள் மூன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரினின்று புறப்பட்டு அங்கேயே திரும்புவது ஒன்று. கனடாவின் வான்கூவரினின்று புறப்பட்டு அங்கேயே திரும்புவது ஒன்று. வான்கூவருக்கும் வடக்கே சீவார்டு அல்லது விட்டியர் துறைக்கும் இடையே ஒருவழியாகச் செல்வது மற்றொன்று. மூன்றும் பெரும்பாலும் ஏழு நாட் பயணங்களே. விளம்பரத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும், கடலில் ஒன்றல்ல.

வான்கூவரினின்று செல்லும் கப்பல், வான்கூவர் தீவிற்கும் பெருநிலத்திற்கும் இடையிலுள்ள குறுகிய கடற்கால் வழியாக, இருபுறமும் காடடர்ந்த மலைகளைக் கண்டுகொண்டே செல்லும். தீவுகளே அலைக்கு அரணாதலின், இடையிற் சில மணி நேரம் தவிர, கப்பல் ஆற்றிற் செல்வது போலவே அமைதியாகச் செல்லும். சியாட்டிலினின்று செல்லும் கப்பல்களிற் பெரும்பாலனவோ, அத்தீவின் மேற்கே பசிபிக் பெருங்கடலில் ஓரிரவும் ஒரு பகலுமேனும் செல்வன. அங்கே அலைக்குத் தடையில்லை. கடலையே கண்டிராத முதியவர்க்கும் சிறு குழந்தைக்கும் முதல் நாளே குமட்டலும் தலைசுற்றலும் வருமாயின், எஞ்சிய ஆறு நாட்களின் இன்பமும் அதனாற் குன்றும். சியாட்டிலுக்கு விமானக் கட்டணம் சிறிது குறைவாய்க் கிடைத்தது என்பதனால் அவ்வழியைத் தேர்வோர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் நன்று. மூன்றாவதான ஒருவழிப் பயணம் அலாஸ்கா வளைகுடாவைக் குறுக்கே கடக்கும். ஜூன், ஜூலையில் அவ்விடம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். செப்டம்பரிற் புயல் தொடங்கிவிடும். கப்பலினின்று இறங்கி உள்நாட்டில் டெனாலி மலையையும் காண விரும்புவோர்க்கே அது பொருந்தும்.

அலாஸ்காவில் மாதத்திற்கு மாதம் காட்சி வேறுபடுகின்றது. மே மாதத்தில் மலைகள் இடைவரை வெண்பனி போர்த்து நிற்கும், மழை குறைவு, கட்டணமும் நடுவேனிலை நோக்கக் குறைவு. ஹவாய்த் தீவுகளை அடுத்த வெந்நீரிற் குளிர்காலத்தைக் கழித்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அப்பொழுது திரும்பி வந்துவிடும். ஆனால் சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறுவதும், அவற்றைத் தின்னக் கரடிகள் ஆற்றங்கரையிற் கூடுவதும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயாம். மே மாதத்திற் சென்று அதனை எதிர்பார்த்தல் மாம்பழத்தை ஐப்பசியில் தேடுவது போலாகும். பனியாற்றின் முகத்தருகே செல்லும் குறுகிய கழிகளில், மே மாதத்தில் உடைந்த பனிக்கட்டி நிறைந்து, கப்பல் முழுதும் அணுகாமல் திரும்புவதும் உண்டு. ஆவணி, புரட்டாசியில் மழை மிகும். ஜூனோ நகரில் செப்டம்பரிற் பெய்யும் மழை, மே மாதத்து மழையைப்போல் இருமடங்கிற்கு மேற்படும். கெட்சிக்கன் என்னும் துறையில் ஓராண்டிற் பெய்யும் மழையோ, நம் திருப்பூரிற் பெய்வதைப்போல் ஐந்து மடங்கிற்குக் குறையாது. வானம் பார்த்து வாழும் கொங்கு நாட்டார்க்கு அம்மழையே ஒரு காட்சியாகலாம். எனினும் ஏழு நாளும் அதனையே பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது.

இவ்வழியிற் செல்வோர் ‘கிளேசியர் பே’ என்னும் பனியாற்று வளைகுடாவிற்குள் தம் கப்பல் செல்லுமா என்பதைத் தவறாது கேட்டறிய வேண்டும். அது காக்கப்பட்ட வனமாதலின், நாளொன்றுக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கே அங்கு அனுமதி. 1794-இல் வான்கூவர் என்னும் மாலுமியின் குழுவினர் அவ்விடம் வந்தபோது அங்கே வளைகுடாவே இல்லை. கடல் வாயில் வரை பனிச்சுவர் நின்றது. 1879-இல் ஜான் மியூர் என்னும் இயற்கை நூலறிஞர் வந்தபோது அச்சுவர் பல மைல் உள்வாங்கி, நீண்ட கழியொன்று தோன்றியிருந்தது. 1916-இல் அது வாயிலினின்று 65 மைல் தொலைவிற்குப் பின்வாங்கிவிட்டது. இக்காலத்திற் கப்பல் ஏறத்தாழ ஒரு பகற்பொழுது முழுதும் செல்லும் நீர்ப்பரப்பனைத்தும், இருநூற்று முப்பது ஆண்டுகட்கு முன் பனிக்கட்டியாய் இருந்ததென்பதை நினைவிற்கொண்டு கண்டால், பிள்ளைகளுக்கு அஃதொரு பூகோள பாடமுமாகும். துறைமுகங்களும் கூட்டத்திற்கு அஞ்சித் தடைவிதிக்கத் தொடங்கியுள்ளன. முப்பதினாயிரம் பேருக்குச் சற்று மிகுந்த மக்களையுடைய ஜூனோ நகரம், 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 பயணிகட்கும், சனிக்கிழமையாயின் 12,000 பயணிகட்கும் மேற்படாதவாறு கப்பல் நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டுள்ளது. சிற்றூரிற் பெருங்கூட்டத்தை விரும்பாதார் நடுவேனிலை விடுத்து மே மாதத்தை நாடுதற்கு இதுவும் ஒரு காரணம்.

நார்வே வழியின் இயல்பு வேறு. அங்கே மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து, இருமருங்கும் செங்குத்தான பாறைகள் நிற்க, ஆழ்ந்த கழிகளாய் அமைந்துள்ளது. இவற்றை ஃபியோர்டு என்பர். மே மாத இறுதியில் உச்சிப்பனி உருகத் தொடங்குவதால், அப்பாறைகளினின்று விழும் அருவிகள் நிறைந்து வீழும். ஆகஸ்டிற் சென்றால் அவற்றுட் பல மெலிந்திருக்கும். நம் குற்றாலத்திற்குச் சாரற் காலம் எவ்வாறோ, அவ்வாறே அவற்றிற்கு இம்மாதம். ஹார்டாங்கர் என்னும் கழியின் கரையிற் பழமரங்கள் பூப்பதும் மே மாதத்திலேயே. நள்ளிரவிலும் கதிரவன் மறையாத அதிசயத்தைக் காண விரும்புவோர், வடமுனையென வழங்கும் நூர்காப்பிற்கு மே 14 முதல் ஜூலை 29 வரையிலான நாட்களிற் செல்லல் வேண்டும். இரவே இல்லாத ஊரிற் குழந்தைகளை உறங்கச் செய்வது எளிதன்று என்பதனையும் தாய்மார் அறிந்திருத்தல் நலம். கப்பலில் சாளரத் திரையைக் கெட்டியாக மூடுவது ஒன்றே வழி.

வானிற் பச்சையும் சிவப்புமாய் ஆடும் வடதுருவ ஒளியைப்பற்றிப் பலருக்கும் பேராசையுண்டு. நள்ளிரவுக் கதிரவனையும் அவ்வொளியையும் ஒரே பயணத்திற் காணலாமா என்று கேட்போரும் உளர். காண இயலாது. அவ்வொளி புலப்பட இருண்ட வானம் வேண்டும். செப்டம்பர் இறுதி முதல் மார்ச்சு இறுதி வரையே அதற்குக் காலம். அரையாண்டு விடுமுறையாகிய டிசம்பர் இறுதியில் அது கிடைக்கும். ஆயின் டிராம்சோ நகரில் நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை கதிரவன் உதிப்பதேயில்லை. பகலிற் சில மணி நேரம் நீலநிறமான மங்கல் ஒளி மட்டுமே இருக்கும். அன்றியும், மாரியில் நார்வேக் கடல் கொடியது. 2019 மார்ச்சு 23-இல் ஹுஸ்டாட்விகா என்னும் திறந்த கடற்பகுதியில், ‘வைகிங் ஸ்கை’ என்னும் உல்லாசக் கப்பல் 1,373 பேரோடு செல்லுங்கால், புயலிடையே அதன் பொறிகள் நின்றுவிட்டன. பொறியின் மசகெண்ணெய் குறைந்திருக்க, கப்பல் புயலில் உருண்டாடியதே காரணமெனப் பின்னர்க் கண்டறிந்தனர். 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகக் கயிற்றால் தூக்கிக் கரைசேர்த்தனர். உயிர்ச்சேதம் இல்லை. எழுபது வயதான தாயாரை உடனழைத்துச் செல்வோர், பச்சை ஒளிக்காக அக்கடலில் அம்மாதத்திற் செல்வதா என்று ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் வேண்டும். அவ்வொளியைக் கரையிலிருந்தே காணலாம். கப்பல் அதற்கு இன்றியமையாததன்று.

நார்வேயில் உல்லாசக் கப்பலேயன்றி வேறொரு வகையும் உண்டு. ‘விரைவு வழி’ எனப் பொருள்படும் ஹர்ட்டிக்ரூட்டன் என்னும் கரையோரக் கப்பற் போக்குவரத்து, 1893 ஜூலை 2-இல் ரிச்சர்டு வித் என்பவரின் ‘வெஸ்டரோலன்’ கப்பல் டிரோண்ட்ஹெய்மினின்று ஹாமர்ஃபெஸ்ட் நோக்கிப் புறப்பட்டதனோடு தொடங்கியது. இந்நாளில் அது பெர்கனுக்கும் கிர்க்கனெஸுக்கும் இடையே 34 துறைகளைத் தொட்டுச் சென்று திரும்பப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. ஊராரும் சரக்கும் ஏறி இறங்கும் உழைப்புக் கப்பல் அது. நீச்சற் குளமும் நாடக அரங்கும் நாடுவோர்க்கு உரியதன்று. பாதி வழியிலும் ஏறலாம், இறங்கலாம் என்பது அதன் நலன். பெருங்கப்பலிற் செல்ல எண்ணுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும்: கெய்ராங்கர் முதலிய உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 2026 ஜனவரி 1 முதல் பத்தாயிரம் டன்னளவிற்குக் குறைந்த பயணிக் கப்பல்கள் புகைமாசு சிறிதும் இன்றிச் செல்லவேண்டும் என்பது சட்டம், பெருங்கப்பல்கட்கு அது 2032-இல் வருகின்றது. ஆகவே அவ்விடத்தைப் பெருங்கப்பலிற் காண விரும்புவோர்க்குக் காலம் நீண்டு கிடக்கவில்லை.

நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் உள. நம் நாட்டின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே நி-அலசுண்டில் இயங்கிவருகின்றது. வெண்கரடியைக் காணும் ஆசையே பலரை அங்கு ஈர்ப்பது. ஆயின் 2025 முதல், கரடிக்கு 300 மீட்டரும், மார்ச்சு முதல் ஜூன் முடிய 500 மீட்டரும் விலகியே நிற்கவேண்டும் என்று விதித்துள்ளனர். காப்பு நிலங்களுக்கு 200 பயணிகட்கு மேற்பட்ட கப்பல் செல்லலாகாது. சிறு கப்பல், பெருங்கட்டணம், தொலைநோக்கி: இவையே அப்பயணம். குழந்தைகளோடு செல்வோர்க்கு இதனை யான் பரிந்துரையேன்.

அண்டார்டிக்காவின் பருவம் நவம்பர் முதல் மார்ச்சு வரை. பயணிகள் பெரும்பாலும் அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயாவிற் கப்பலேறி, டிரேக் ஜலசந்தியைக் கடந்து செல்வர். உலகைச் சுற்றி வரும் தென்கடற் காற்றிற்கு அங்கே தடுக்கும் நிலம் ஏதுமில்லை. கடக்கப் போகும்போது இரண்டு நாளும் வரும்போது இரண்டு நாளும் ஆகும். சிலி நாட்டுப் பண்டா அரினாஸினின்று விமானத்தில் இரண்டு மணி நேரத்திற் பறந்து சென்று, அங்கே கப்பலேறும் வழியும் உண்டு. மூடுபனி வந்தால் விமானம் காத்துக் கிடக்கும். நவம்பரிற் பனி மாசற்று வெண்மையாயிருக்கும். பென்குவின் குஞ்சுகளைக் காண டிசம்பர் இறுதியும் ஜனவரியும் உரியன. திமிங்கிலங்கட்கு பிப்ரவரி, மார்ச்சு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனி மூடியிருக்கும் நாட்கள் இப்பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் விழுவதால் மனம் துள்ளும். ஆனால் கோயம்புத்தூரினின்று உஷுவாயா சென்று சேர்வதற்கே இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். கப்பலில் பத்து நாட்களுக்குக் குறையா. அங்ஙனமாயின் விடுமுறை ஏழு நாளுக்கு வேலை பதினாறு நாளுக்கு மேலாகிவிடுகின்றது. முதலாளி இல்லாமல் பொங்கல் கழித்து ஆலை திறக்கப்படும். பிள்ளைகள் பள்ளியை விடுவர். இதற்கு ஒருப்படுவோர் மட்டுமே அதனை எண்ணலாம்.

மற்றொரு விதியும் உண்டு. 500 பயணிகட்கு மேற்பட்ட கப்பலில் வந்தோர் எவரும் அங்கே கரையிறங்கலாகாது. சிறு கப்பலாயினும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேருக்குமேல் இறங்குதல் கூடாது. பெருங்கப்பலில் மலிவாகச் சென்றால் பனிமலையைக் கண்ணாற் கண்டு திரும்பலாம்; காலால் மிதிக்க இயலாது. இதனை அறியாது பணம் கட்டியவர் மனம் நோவது உறுதி. சிறு கப்பல்களுட் பல எட்டு வயதிற்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்பதில்லை. இரப்பர்ப் படகில் ஏறி இறங்குதல் வேண்டுமாதலின் முழங்கால் நோயுள்ள முதியோர்க்கும் அது தகாது. இடையூறு நேராது என்பதும் இல்லை. 2007 நவம்பர் 23-இல் ‘எக்ஸ்புளோரர்’ என்னும் கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்க்காப்புப் படகுகளிற் பல மணி நேரம் குளிரில் மிதந்து, அவ்வழி வந்த வேறொரு கப்பலால் மீட்கப்பட்டனர். கடல் அன்று அடங்கியிருந்தமை அவர்தம் நற்பேறு. துருவக் கடல்களிற் செல்லும் கப்பல்கட்கெனத் தனி விதித்தொகுதி 2017 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

ஆகவே, அப்பிச்சியும் அம்மாயியும் உடன்வர, பத்து வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்குழந்தையும் உள்ள ஒரு குடும்பத்திற்கு யாது கூறலாம்? அவர்கட்கு மெய்யாய்க் கிடைப்பது மே மாதம் ஒன்றே. அம்மாதத்திற்குத் தென்துருவம் அடைபட்டுக் கிடக்கும். வடதுருவ ஒளி மறைந்துவிடும். ஸ்வால்பார்ட் இன்னும் பனியிற் சிக்கியிருக்கும். எஞ்சுவன இரண்டே: வான்கூவரினின்று அரணுள்ள கடற்கால் வழியே அலாஸ்கா, அல்லது மே மாதக் கடைசியில் நார்வேயின் தென்பகுதி ஃபியோர்டுகள். இவ்விரண்டனுள் அலைக்கு அஞ்சுவோர்க்கு முன்னதையே சிறந்ததென யான் கொள்வேன். வான்கூவர் நமக்குப் பன்னிரண்டரை மணி பிந்திய ஊர். நமக்குப் பகலாயின் அவர்க்கு இரவு. முதியோரும் குழந்தைகளும் உறக்கம் தெளிய, கப்பல் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னரே அங்குச் சேர்ந்துவிடல் வேண்டும். விமானம் பிந்திற்று என்பதற்காகக் கப்பல் காத்திராது.

விசாவைப்பற்றி ஒன்று. அலாஸ்கா செல்லும் இந்தியக் குடும்பத்திற்கு அமெரிக்க விசாவும் கனடிய விசாவும் இரண்டும் தேவை. சியாட்டிலிற் கப்பலேறினும் அவ்வாறே. 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமொன்று, அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறையிற் பயணிகளை ஏற்றி, இடையில் அயல்நாட்டுத் துறை எதனையும் தொடாமல் அமெரிக்கத் துறையிலேயே இறக்குதலைத் தடுக்கின்றது. அதனால் அக்கப்பல்கள் கனடாவின் விக்டோரியா போன்ற துறையொன்றை ஒரு மாலையேனும் தொட்டே தீரும். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் பலமுறை மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்துள்ளது. ஆகவே மே மாதப் பயணத்திற்கு முந்தைய ஆண்டு ஆடியிலேயே தொடங்கிவிடல் நன்று. நார்வேக்கு ஷெங்கன் விசா. பயணத்திற்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் இயலாது. நிறைமாதக் கர்ப்பிணிகளையும் ஆறுமாதம் நிரம்பாத குழந்தைகளையும் கப்பல்கள் ஏற்பதில்லை. மரக்கறி உணவு வேண்டுவோர் அதனைப் பயணத்திற்குப் பல வாரம் முன்னரே எழுத்து மூலம் தெரிவித்துவிடல் வேண்டும். கடல் நடுவே நோய் வந்தால் ஹெலிகாப்டரிற் கரைசேர்க்கும் செலவையும் ஏற்கும் காப்பீடு இன்றியமையாதது.

உடையைப்பற்றிக் கூறாமல் விடின் திருப்பூர்க்காரர் என்னைப் பொறார். பனியன் என்னும் பெயரிலேயே பனி உளதாயினும், பனிக்கு அதனாற் பயன் சிறிதும் இல்லை. அப்பெயர் வணிகரைக் குறிக்கும் ‘பனியா’ என்னும் குஜராத்திச் சொல்லினின்று வந்தது என்பர். பருத்தி வியர்வையையும் மழையையும் உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நம் கோடையில் அது குளிர்ச்சி தருவதற்குக் காரணமும் அதுவே, குளிர்நாட்டில் அது தீங்கு செய்வதற்குக் காரணமும் அதுவே. பருத்தி இயல்பாக ஏற்கும் ஈரம் நூற்றுக்கு எட்டரைப் பங்கு. பாலியெஸ்டர் ஏற்பது அரைப் பங்கும் இல்லை. கம்பளி ஈரத்தை மிகுதியாக ஏற்பினும், அதனை இழைக்குள் அடக்கிக்கொண்டு, நனைந்தபோதும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆதலின் உடலை ஒட்டி மெரினோக் கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் காற்றைச் சிறைப்படுத்தும் தடித்த ஆடை, எல்லாவற்றிற்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேற்சட்டை என மூன்றடுக்காக அணிதல் வேண்டும். இரண்டாவது அடுக்கிற்கு ‘ஃபிளீஸ்’ வாங்கும்போது நம்மூரார் ஏமாறுதல் எளிது. திருப்பூரில் ஃபிளீஸ் என்றால் பெரும்பாலும் பஞ்சிலோ பஞ்சுக் கலப்பிலோ பின்னி உட்புறத்தைச் சீவிய துணி. குளிர்நாட்டார் ‘போலார் ஃபிளீஸ்’ என்பது முழுதும் பாலியெஸ்டர். பெயரொன்றே, பொருள் வேறு. சொந்தக் கம்பெனியில் தைத்ததாயிற்றே என்று முன்னதைப் பெட்டி நிறைய எடுத்துச் செல்வது வீண்.

கப்பலின் மேற்றளத்தில் நிற்போர்க்கு மற்றொரு குளிரும் உண்டு. காற்றே வீசாத நாளிலும், மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் கப்பல் தன் எதிரே அவ்வேகக் காற்றை உண்டாக்கிக்கொள்கின்றது. வெப்பமானி ஐந்து டிகிரி காட்டினும், முகத்திற்கு அது ஏறக்குறைய சுழி டிகிரியாகவே தோன்றும். மார்கழி விடியலிற் பதினெட்டு டிகிரிக்கே காதைத் துண்டாற் கட்டிக்கொள்ளும் நமக்கு, காதை மூடும் குல்லாயும் கையுறையும் மேற்சட்டையினும் முக்கியம். அண்டார்டிக்கா செல்வோர்க்கு இரப்பர்க் காலணியைப் பல கப்பல்களில் இரவலாகத் தருகின்றனர். அங்கே கரையிறங்குமுன், அயல்நாட்டு விதையொன்றும் அந்நிலத்திற் புகாதவாறு, ஒவ்வொருவருடைய பையையும், சட்டைப் பையின் மூலையையும், காலுறையின் மடிப்பையும் உறிஞ்சு கருவியாற் சுத்தம் செய்யும்படி ஏவுவர். பஞ்சுத் தூசியிடையே வாழ்ந்த நம் பெட்டிகளையும் உடைகளையும் புறப்படுமுன் வீட்டிலேயே நன்கு உதறித் துவைத்து வெயிலில் உலர்த்தி எடுத்துச் சென்றால், கப்பலில் அவ்வரிசையில் நெடுநேரம் நிற்கவேண்டியிராது.